மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் வலி: நரம்புத் தடை ஊசி எதுவரை காக்கும்?

கேள்வி: புற்றுநோய்க்காக எனது வலது மார்பகத்தை அகற்றி, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுக்கவிருக்கிறார்கள். முழு மயக்கத்துடன் ‘நெர்வ் பிளாக்’ எனும், அறுவை நடக்கும் பகுதியின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும் போடலாம் என்கிறார் மயக்க மருந்து மருத்துவர். முழு மயக்கம் இருக்கையில் அது எதற்கு? கை செயலிழந்துவிடுமா? மருந்தின் வேகம் குறைந்ததும் வலி கூடுமா?

பதில்: முழு மயக்கம் அறுவை நடக்கும் நேரத்துக்கானது, விழித்த பிறகு தொடங்கும் வலியை அது தணிக்காது. அந்த வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளை மட்டுமே நம்பினால் குமட்டலும் வாந்தியும் மந்தமும் சேர்ந்து வரலாம். மார்பக அறுவைக்குப் பின் குமட்டல் ஏற்கெனவே சற்று அதிகம் என்பதால், அம்மருந்துகளின் தேவையைக் குறைக்கும் இந்த ஊசி பயனுள்ளது என்பதே என் கருத்து.

மார்பகத்தின் பெரும்பகுதி உணர்வை விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகளும், மேல் விளிம்பின் உணர்வைக் கழுத்திலிருந்து இறங்கும் நரம்புகளும் சுமக்கின்றன. அடியிலுள்ள தசைக்கோ கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையின் கிளைகள் வருகின்றன. எனவே ஒரே ஊசி எல்லா இடத்தையும் முழுமையாக மரக்கச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதுகெலும்பை ஒட்டிப் போடும் ‘பாராவெர்டிப்ரல்’ முறையும், மார்புத் தசைகளுக்கிடையே போடும் ‘பெக்ஸ்’ முறையும் நன்கு ஆராயப்பட்டவை. அக்குளிலும் அறுவை இருக்கும்போது பெக்ஸ் முறையின் இரண்டாம் வகை பொருத்தமானது. ஆனால் முறையின் பெயரைவிட, அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடுவதில் உங்கள் மருத்துவருக்கு எது கைவந்தது என்பதே முக்கியம்.

கை செயலிழப்பதில்லை. மேற்கையின் உட்புறமும் அக்குளும் மரத்திருக்கலாம். ஊசியின் வேகம் குறைந்த பிறகும் அவ்விடத்தில் மரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் பெரும்பாலும் ஊசி காரணமல்ல; நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அவ்வழியே செல்லும் மெல்லிய தோல் நரம்பு இழுபட்டோ அறுபட்டோ இருக்கும்.

உங்கள் மூன்றாவது அச்சம் நியாயமானது. ஒருமுறை போடும் ஊசி பொதுவாக அரை நாள் முதல் ஒரு நாள் வரை வேலை செய்யும். காலையில் அறுவை நடந்தால் நள்ளிரவிலோ விடியலிலோ மரப்பு தெளியும். மாலையில் வலி இல்லையே என்று மாத்திரையைத் தவிர்த்தவர்கள் அப்போது திடுக்கிட்டு விழிப்பதுண்டு. ஆகவே பாரசிட்டமாலையும், சிறுநீரகம், இரைப்பைத் தொல்லைகள் இல்லாவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அழற்சி எதிர்ப்பு மாத்திரையையும் வலி வருமுன்பே குறித்த நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வலி மீறினால் எடுக்க வேண்டிய மருந்து எது என்றும் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

இந்த ஊசி புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்கும் என்று யாரேனும் சொன்னால் அதற்காக முடிவெடுக்க வேண்டாம். 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான, பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் பாராவெர்டிப்ரல் முறைக்கு அத்தகைய பலன் தென்படவில்லை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராயின், அல்லது மரக்கும் மருந்துக்கு ஒவ்வாமை இருந்திருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நுரையீரல் உறையில் காற்றுப் புகுவது, மருந்து ரத்தத்தில் அதிகம் கலப்பது ஆகியவை அரிய சிக்கல்கள். உதடு சுற்றிக் கூச்சம், காதில் ரீங்காரம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள்.