மன்னித்தால் புகாரைத் திரும்பப் பெற வேண்டுமா?

கேள்வி: எங்கள் மசாலாக் கடையில் கணக்கு எழுதிவந்த என் கொழுந்தன், இரண்டு ஆண்டுகளில் 40,000 ராண்ட் வரை எடுத்துவிட்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது அவர் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார். “ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ மன்னிக்க மாட்டாயா?” என்று மாமியார் அழுகிறார். புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் எனக்குப் பாவமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பாவம் இல்லை, சகோதரி. 1981 மே 13 அன்று சுடப்பட்ட திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நான்கே நாட்களில், தம்மைச் சுட்டவரைச் சகோதரர் என்று குறிப்பிட்டு, மனமார மன்னித்துவிட்டதாகச் சொன்னார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று, அவருடன் நெருங்கி அமர்ந்து தணிந்த குரலில் பேசினார். ஆனாலும் அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு நான்காம் நாளே கிடைத்தது. தண்டனையோ சட்டத்தின் வழியில் சென்றது.

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பணம் திரும்பி வந்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, பாவத்தால் விளைந்த கேட்டையெல்லாம் அது சரிசெய்துவிடாது என்றும், திருடியதைத் திருப்பித் தருவது போன்ற பரிகாரத்தை இயன்ற அளவு செய்தாக வேண்டும் என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459-ஆம் எண் கற்பிக்கிறது. விவிலியத்தில் வரும் வரிவசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் தருவதாக இயேசுவின் முன் நின்று சொன்னதை உங்கள் மாமியாரும் கோயிலில் பலமுறை கேட்டிருப்பார்.

பரிகாரம் இல்லாத மன்னிப்பு எப்படி வலிக்கும் என்பதை நம் தென்னாப்பிரிக்கா அறியும். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை ஆராய 1996-இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றங்களை முழுமையாக ஒப்புக்கொண்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. வருந்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. குற்றவாளிமீது நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இல்லாமல் போனது. பாதிக்கப்பட்டவர்களின் மனக்குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு உத்தரவு கேட்கலாம். அதற்கு முன்பே அவர் மாதத்தவணையாகவாவது தரத் தொடங்கினால், அதை அரசு வழக்கறிஞரிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, கடுமை காட்ட வேண்டாம் என்று கேளுங்கள். முடிவு அரசு வழக்கறிஞருடையது, கேட்பது உங்கள் இரக்கம்.

“எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல” என்று தினமும் செபிக்கிறோமே, அதில் வழக்கைப் பற்றிய பேச்சே இல்லை. கொழுந்தன் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்காமல் இருப்பதும், அவருக்காக வேண்டிக்கொள்வதும், வந்தால் பேசுவதும் இன்றே உங்களால் முடியும். கணக்குப் புத்தகத்தை மட்டும் இப்போதைக்கு அவர் கையில் கொடுக்காதீர்கள்.