கைக்கு எட்டினால் ‘இது’

கேள்வி: பக்கத்தில் இருந்தால் ‘இது’, தூரத்தில் இருந்தால் ‘அது’ என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது என் மாமியார், அதே மேசையில் என் கைப்பக்கம் இருந்த டம்ளரைக் காட்டி “அத எடும்மா” என்றார். மகள் சிரிக்கிறாள். எத்தனை அடி தள்ளி இருந்தால் ஒரு பொருள் ‘அது’ ஆகும்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அடிக்கணக்கு கேட்கிறீர்கள். அடி என்பது காலின் அளவு. சுட்டுச்சொல் கையால் அளக்கிறது. கைக்கு எட்டினால் ‘இது’, எட்டாவிட்டால் ‘அது’. மேசையில் பொருள்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்து, ஆட்களைச் சொல்ல வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு 29 மொழிகளில் பார்த்தது; எட்டும், எட்டாது என்ற பிரிவு அத்தனை மொழியிலும் இருந்தது. அதற்கு முன்பே, 2008-இல் வந்த ஆய்வில், ஆட்களின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துச் சுட்டச் சொன்னார்கள். குச்சி போன தூரத்துக்கு ‘இது’வும் போனது.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஆயாவிடம் சின்ன வயதிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். கொல்லை முருங்கையடியில் அண்ணாந்து நின்று, “அந்தக் காய் முத்திப்போச்சு பாரு” என்பார். துறட்டியை எடுத்து வந்து கொக்கியைக் காம்பில் மாட்டியதும், “இந்தக் காயத்தான சொன்னேன்?” காய் அதே கிளையில்தான் தொங்கும். ஆயாவின் கைதான் பத்தடி நீண்டிருக்கும்.

கை மட்டும்தான் கணக்கா என்றால், அதுவும் இல்லை. கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கியிருப்பீர்கள். ஒரே கூடையில் இரண்டு வஞ்சிரம், நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது. “இத எடுத்துக்கோ, அது ஐஸ்ல வச்சது” என்பார் மீன்கார அம்மா. நம்பித் தருகிற மீன் ‘இது’, தள்ளிவிட்ட மீன் ‘அது’.

உங்கள் மாமியார் சொன்னதில் பிழையே இல்லை. டம்ளர் உங்கள் கைப்பக்கம்தானே இருந்தது? அதற்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருந்தது: உது. ‘அ இ உ அம் மூன்றும் சுட்டு’ என்றார் தொல்காப்பியர். பள்ளி இலக்கணப் புத்தகமோ ‘உ இன்று வழக்கில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. யாருடைய வழக்கில்? புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், என் கையிலிருந்த பேனாவைக் காட்டி “உதை ஒருக்காத் தாங்கோ” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கேட்கிறவர் பக்கம் இருக்கிற பொருள் அவர்களுக்கு ‘உது’. நாம் சொன்ன பேச்சும் ‘உது’தான், “உது சரிவராது” என்பார்கள். இதே பக்கத்தில் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்: புத்தகத்தின் அந்த வரியில் ‘ஈழத்தில் உண்டு’ என்று இரண்டே சொல் சேருங்கள். மகளிடம் நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்துப் பேச்சும் இளைத்ததில்லை. இந்தாண்ட, அந்தாண்ட என்ற சொற்களைப் புத்தகத்தில் பார்க்க முடியாது. உங்களுக்கு மஞ்சக்குப்பம் கெடிலம் ஆற்றுக்கு அந்தாண்ட. அவர்களுக்கு நீங்கள் அந்தாண்ட.

அப்புறம் ‘இந்தாங்க’. ஆயா தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ஊராரிடம் பேசும்போது ‘அவரு’, கூப்பிடும்போது ‘இந்தாங்க’. பொருளை நீட்டும்போதும் அதே ‘இந்தாங்க’தான். தாத்தா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து “இந்தாங்க” என்று கேட்டதும், கண் பேப்பரிலேயே இருக்க, கை மட்டும் காபிக்கு நீளும். பாதி நாள் அந்தக் கையில் வந்து உட்காருவது ரேஷன் கார்டும் மண்ணெண்ணெய் டின்னும். “இந்தாங்கன்னியே?” என்பார். “கூப்ட்டேன்” என்பார் ஆயா. ஐம்பது வருஷம் அந்தக் கை ஏமாந்தது, ஐம்பது வருஷமும் நீண்டது.

தாத்தா முந்திரித் தோப்பின் கடைசி வரப்பில் நின்றாலும் ஆயா வேலியோரம் வந்து “இந்தாங்க” என்றுதான் கூப்பிடுவார். ‘அந்தாங்க’ என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.