பிணை நிற்கலாமா?

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறையிலும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலும் பாடல் ஆராதனை நடத்தி வருகிறது. இம்முறை சிறையில் 19 வயது இளைஞன் ஒருவன், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே இருப்பதாகச் சொல்லி எங்களிடம் உதவி கேட்டான். அந்நியனுக்குப் பிணைப்படக் கூடாது என்று நீதிமொழிகளே சொல்வதால், ஆவிக்குரிய ஊழியத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு எங்கள் மூப்பர்கள் கூறுகிறார்கள். தங்கள் கருத்து என்ன? கூர்நோக்கு இல்லத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட சிறுவர்களின் பெயர்ப்பட்டியலை இணைத்துள்ளோம். ஜெபக் குறிப்புப் பகுதியில் வெளியிடவும்.

– வாலிபர் ஐக்கியச் செயலர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: பட்டியலை வெளியிட மாட்டோம். குற்றம் சாட்டப்பட்ட சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த இதழும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் தடுக்காவிட்டாலும் வெளியிட மாட்டோம். நாளை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் அந்தப் பையன் வேலை கேட்டு நிற்கும்போது, நம்முடைய ஜெபக் குறிப்பையே எடுத்துக் காட்டி அவனைத் திருப்பி அனுப்புவார்கள். வெளியே போக வழியில்லாத ஓர் அறையில், பாட்டும் கேக்கும் கொண்டு வந்தவர்கள் கேட்டதற்காகக் கை உயர்த்திய பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பட்டியலிட்டதே சரியா என்பதையும் உங்கள் ஐக்கியம் யோசிக்க வேண்டும்.

சிறைக்குள் நீங்கள் கேட்கும் 'சாட்சி'யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவனை எல்லோர் முன்னும் எழுந்து நின்று தான் செய்ததை அறிக்கையிடச் சொல்வது, அவனுடைய வழக்கையே கெடுக்கக்கூடும். பாவ அறிக்கை கேட்கும் ஆர்வத்தில் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி பிணைக்கு வருவோம். உங்கள் மூப்பர்கள் சுட்டும் வசனம் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தில் இருக்கத்தான் செய்கிறது. முன்பின் அறியாதவனுடைய கடனுக்குப் பொறுப்பேற்றுத் தன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிறவனுக்கு அது தக்க எச்சரிக்கை. ஆனால் அதே வேதாகமத்தில், பவுல் தாமே காவலில் இருந்துகொண்டு பிலேமோனுக்கு எழுதிய 25 வசன நிருபமும் இருக்கிறது. எஜமானாகிய பிலேமோனை விட்டுப் பிரிந்து வந்த அடிமை ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பவுல், அவன் ஏதேனும் அநியாயம் செய்திருந்தாலும் கடன்பட்டிருந்தாலும் அதைத் தம் கணக்கிலே வைத்துக்கொள்ளும்படி கேட்டு, தாமே செலுத்துவதாகத் தம் கையால் எழுதுகிறார். அந்த நிருபம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று, அவர் வீட்டில் கூடிய சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. எபிரெயருக்கு எழுதிய நிருபமோ இயேசுவையே பிணையாளி என்கிறது. அந்நியனுக்குப் பிணை நிற்பது எந்நாளும் மடமைதான் என்றால் நம் கதி என்ன என்பதை மூப்பர்களே விளக்கட்டும்.

ஏழைக்குப் பிணை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியாததன்று. 1978இல் மோதி ராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதையும், சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவருடைய பிணையை ஏற்க மறுத்ததையும் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்து, பிறர் பிணையின்றி அவரே எழுதித் தரும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் செய்தார். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழிகாட்டுதல் வழங்க வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் தரப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். ஆகவே உங்கள் முதல் வேலை ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போவதுதான். அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். நிபந்தனை தளர்ந்து அவன் சொந்தப் பிணையிலேயே வெளிவந்துவிட்டால், உங்கள் மூப்பர்கள் அஞ்சும் கையெழுத்துக்கே தேவை இருக்காது.

தேவைப்பட்டால் போடுங்கள். ஆனால் விளைவு தெரிந்து போடுங்கள். அவன் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் பிணைத்தொகை பறிமுதலாகும். பிணை நின்றவர் நீதிமன்றத்தில் பதில் சொல்லி அதைக் கட்ட நேரிடும். எனவே குடும்பத்தைக் கூலியில் நடத்தும் ஓர் ஏழை விசுவாசியின் தலையில் இதைக் கட்டாமல், தொகையைச் சபை ஏற்பதாக முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, வசதியுள்ள ஒருவர் கையெழுத்திடட்டும். பையனின் தாய் தந்தையோ மாமனோ சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் இருந்து, பேருந்துக் கட்டணத்துக்குக் காசின்றியும் நீதிமன்றத்துக்கு அஞ்சியும் வராமல் இருக்கலாம். அவர்களைத் தேடிப்போய் அழைத்து வருவதே பாதிப் பிணை. கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்கோ வழி இன்னும் எளிது: பிணையோடோ பிணையின்றியோ ஜாமீனில் விடவும், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ தகுதியுள்ள ஒருவரின் பராமரிப்பிலோ ஒப்படைக்கவும் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தத் 'தகுதியுள்ள ஒருவர்' உங்கள் சபையில் எவருமில்லை என்று நாம் நம்பவில்லை.

பிணை நிற்பது அவன் நிரபராதி என்று சொல்வதாகாது. அது திருட்டு வழக்கானால், பொருளைப் பறிகொடுத்தவரே உங்கள் சபையில் உட்கார்ந்திருக்கலாம். அவருடைய இழப்பை மறந்துவிட்டுப் பையனை மட்டும் அணைத்துக்கொள்வது ஊழியம் ஆகாது. பவுல் பிலேமோனின் நஷ்டத்தை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞன் கிறிஸ்தவன் அல்லன் என்றாலும், கடைசி வரை ஆலயத்துக்கு வராமலே போனாலும், கையெழுத்து கையெழுத்தாகவே இருக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானத்தை விலையாகக் கேட்பீர்களானால் தயவுசெய்து பிணையே நிற்காதீர்கள்.

வாய்தா தேதிகளை ஐக்கியத்தில் இருவர் குறித்து வைத்துக்கொண்டு, முதல் நாள் மாலை அவனுக்கு நினைவூட்டி, காலையில் உடன் சென்று நீதிமன்ற வாசலில் நில்லுங்கள். பெரும்பாலும் எதுவும் நடக்காமல் அடுத்த தேதி கொடுத்து அனுப்புவார்கள்; மறுபடியும் போக வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் மூப்பர்கள் மறுத்தால், ஜாமீன் பெற்ற ஓர் இளைஞனுக்குப் பிணை நிற்க இச்சபை விரும்பவில்லை என்று தீர்மானக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடும்படி அவர்களைப் பணிவாகக் கேளுங்கள்.

– ஆசிரியர்