வலிப்பு அறுவைக்குப் பிறகு கை என்ன ஆகும்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. பிறக்கும் சமயத்திலேயே மூளையின் இடது பக்கம் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். எட்டு மாதத்தில் ஆரம்பித்த வலிப்பு, மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் தினமும் வருகிறது. இடது பாதி மூளையின் தொடர்பைத் துண்டிக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். வலது கை பலவீனம்தான், இருந்தாலும் டம்ளரை அணைத்துப் பிடிப்பாள். அதுவும் போய்விடுமா? நடப்பாளா? விசேஷ ஸ்கேன் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– பெயர் வெளியிட வேண்டாம், தாராபுரம்

பதில்: அம்மா, அந்த வலது கையை இப்போது எந்தப் பக்கத்து மூளை ஆட்டுவிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இடது மூளை வலது கையையும், வலது மூளை இடது கையையும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்குமே நரம்பிழைகள் போகின்றன. முதல் இரண்டு வருடங்களில் அதே பக்கத்துக்குப் போகும் இழைகள் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஒரு பாதி பிறக்கும்போதே அடிபட்டிருந்தால், நல்ல பாதியிலிருந்து அதே பக்கத்துக்குப் போகும் இழைகள் சுருங்காமல் நின்று, பலவீனமான கையையும் தாங்களே ஏற்றுக்கொள்வது உண்டு. உங்கள் மகளுக்கு அப்படி நடந்திருந்தால், கெட்ட பாதியைத் துண்டித்தாலும் டம்ளர் பிடிக்கும் கை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதைப் பார்க்க விசேஷ ஸ்கேனுக்கு அலைவதற்கு முன், உங்கள் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ.யை எடுத்துப் பாருங்கள். நடுமூளையைக் குறுக்காகக் காட்டும் படம் ஒன்று அதில் இருக்கும். பார்க்க மிக்கி மவுஸ் தலை மாதிரி இருக்கும். ரேடியாலஜி டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள். அந்த இரண்டு காதுகள் வழியாகத்தான் கைகால்களை இயக்கும் நரம்புப் பாதை கீழே இறங்குகிறது. கெட்ட பக்கத்துக் காது நன்றாக மெலிந்து, நல்ல பக்கத்துக் காது தடித்திருந்தால், கெட்ட பாதி அந்தக் கையை ஏற்கெனவே கைவிட்டுவிட்டது என்று பொருள். இழப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் விரல்களுக்கு ஆபத்து இருக்கிறது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது என் கருத்து. எழுதியிருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட விசேஷ ஸ்கேன் டி.டி.ஐ. ஆக இருக்கலாம். நரம்பிழைகளின் போக்கிலேயே நீர் மூலக்கூறுகள் எளிதாக நகர்வதை வைத்துப் பாதையை வரைந்து காட்டுவது அது. வழக்கமான வண்ணப்படத்தில் மேலிருந்து கீழே போகும் இழைகள் நீலமாகத் தெரியும். ஒரு பக்கம் நீலம் அடர்த்தியாகவும் மறுபக்கம் நூலாகவும் இருந்தால் அதே சேதிதான். குழந்தை தூங்கும்போதே எடுக்கலாம் என்பது பெரிய வசதி. மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்றால், ஆடாமல் படுத்துக்கொண்டு, சொல்லும்போது கையை மூடித் திறக்க வேண்டும். ஐந்து வயதில் அது கஷ்டம். மயக்கம் கொடுத்து, வேறொருவர் விரலை அசைத்துப் படம் எடுப்பதும் உண்டு. அதில் தெரிவது பெரும்பாலும் தொடு உணர்ச்சியின் இடம். உணர்ச்சி கெட்ட பாதியிலேயே தங்கி, அசைவு மட்டும் நல்ல பாதிக்குப் போன குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே அந்த ஒரு படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். இடது கையால் பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். வலது கை சும்மா மடியில் இருக்கட்டும். இடது விரல்கள் கூடும்போதெல்லாம் வலது விரல்களும் தானாகக் கூடுகின்றனவா? அப்படியென்றால் ஒரே பாதி இரண்டு கைகளையும் நடத்துகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். செல்போனில் வீடியோ எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

நடையைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஆபரேஷன் ஆன உடனே வலது கையும் காலும் துவண்டு கிடக்கலாம். அதைப் பார்த்துக் கலங்காத தாய் கிடையாது. அப்புறம் இடுப்பு, தோள் என்று உடம்பை ஒட்டிய மூட்டுகளில் பலம் திரும்பும். முன்பு நடந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள்.

இது நேற்று வந்த ஆபரேஷனும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் க்ரைனா என்ற மருத்துவர், பக்கவாதமும் வலிப்பும் உள்ள குழந்தைகளுக்குப் பாதி மூளையை எடுத்த அனுபவத்தை 1950-லேயே வெளியிட்டார். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1952-ல் அங்கே வலிப்புக்கான அறுவையும் ஆரம்பித்துவிட்டது. அன்று முழுப் பாதியையும் எடுத்தார்கள். பல வருடம் கழித்து அந்தக் காலி இடத்தில் ரத்தக் கசிவும் நீர்கோப்பும் வந்ததால், இப்போது பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு இணைப்புகளை மட்டும் துண்டிக்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ராஸ்முஸன் நோய் (மூளையின் ஒரு பாதியை அரிக்கும் அழற்சி நோய்), வலது பக்க மூளை. அந்தப் பாதியின் தொடர்பைத் துண்டிக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். இடது கையால் இன்னமும் சட்டைப் பொத்தான் போடுகிறான். ஸ்கேனில் 'மோட்டார் பாதை (கைகால்களை இயக்கும் நரம்புப் பாதை) இருபுறமும் சமம்' என்று எழுதியிருக்கிறது. இது நல்ல செய்திதானே?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: ஐயா, கையைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி அல்ல. பிறவியில் வந்ததல்ல, நன்றாக வளர்ந்த பிறகு வந்த நோய் என்பதால், இடது விரல்களை இன்னும் வலது மூளையே நடத்துகிறது. துண்டித்தால் பொத்தான் போடும் நுணுக்கம் போய்விடும். தோளும் முழங்கையும் உதவிக் கையாகத் தேறி வரும். கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் (தாங்கு பட்டை) தேவைப்படலாம், ஆனால் நடப்பான். இரண்டு கண்களிலும் இடப்பக்கப் பார்வை போகும். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி இடது ஓரத்தில் உட்கார வையுங்கள்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கை பிழைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ராஸ்முஸன் நோய் அந்தப் பாதியைத் தானே அரித்துக்கொண்டு போகும், கையும் கூடவே போகும். அதற்குள் ஓயாத வலிப்பு, நல்ல பாதியின் படிப்பையும் பேச்சையும் கெடுக்கும். எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதை ஸ்கேன் சொல்லாது. மாதம் ஒருமுறை அவன் பொத்தான் போடுவதையும் எழுதுவதையும் வீடியோ எடுத்து, வலிப்பு நாட்குறிப்போடு சேர்த்து உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். விரல்களைப் பற்றித் தனியாக, நடையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பையனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் கையைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.