தூண்டில் மேடை: விராலா, அவிரியா, கொரவையா?

கேள்வி: ஒரே ஏரியில் ஒன்றரைக் கிலோ அளவில் இரண்டு மீன்கள் சிக்கின. ஒன்று நல்ல கருப்பு, மற்றது வெளிறிய பழுப்பு. கருப்பு விரால், வெளிறியது அவிரி என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: நிறத்தை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அடர்ந்த பாசியில் கிடக்கும் விரால் கருத்துவிடும். கலங்கல் நீரில் அதே மீன் வெளிறும். பிடித்துச் சாக்கில் போட்ட சிறிது நேரத்திலேயே நிறம் மாறுவதும் உண்டு.

முதலில் வால் அடியைப் பாருங்கள். அவிரிக்கு (பூவிரால் என்பதும் இதுதான்) வால் தொடங்கும் இடத்தில், மேல்பாதியில், ஆரஞ்சு வளையமிட்ட கரும்பொட்டு இருக்கும். ஆனால் பெரிய அவிரியில் இது மங்கிப்போகலாம். இன்னொரு சிக்கல், குட்டி விராலுக்கும் முதுகுத் துடுப்பின் பின்கோடியில் கண்போன்ற பொட்டு வருவதுண்டு. பொட்டு துடுப்பில் இருக்கிறதா, வால் அடியிலா என்பதே முக்கியம்.

சந்தேகம் தீராவிட்டால் துடுப்புக் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை) எண்ணுங்கள். கரையிலேயே செய்யக்கூடிய நம்பகமான வழி இது. மீனை ஈரத்துணியில் கிடத்தி, முதுகுத் துடுப்பை முன்கோடியில் பிடித்து விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். விராலுக்கு 37 முதல் 46 வரை, அவிரிக்கு 45 முதல் 55 வரை. 45, 46 என்று வந்தால் இரண்டுக்கும் பொருந்தும். அப்போது அடிப்பக்கம் உள்ள குதத் துடுப்பை எண்ணுங்கள். 30ஐத் தாண்டினால் அவிரி, 26 அல்லது அதற்குக் கீழே என்றால் விரால். கடைசி இரண்டு கதிர்கள் அடியில் ஒட்டியிருந்தால் ஒன்றாகவே கணக்கிடுங்கள். எண்ணிக்கை பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். மீனை உடனே விட வேண்டுமென்றால், துடுப்பு விரிந்த நிலையில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டில் எண்ணலாம். துடுப்பு மடிந்த படம் எதற்கும் உதவாது.

கேள்வி: அரை அடிக்கும் குறைவான மீன் சிக்கினால் விரால் குட்டியா, கொரவையா என்று குழப்பம். விட்டுவிடுவதா?

பதில்: குழப்பமிருந்தால் விட்டுவிடுவதே நல்லது; விரால் குட்டியாக இருந்தால் இன்னும் பல மடங்கு வளரும். கண்டுபிடிக்கவும் எளிது. கொரவைக்குச் செதில்கள் பெரியவை: பக்கக்கோட்டில் (உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டில்) சுமார் 36 முதல் 40 வரைதான். விராலுக்கு 50க்கு மேல். முதுகுத் துடுப்பிலும் கொரவைக்கு 29 முதல் 32 கதிர்கள்தான்.

பாறைக் கொரவை வேறு. அதன் மார்புத் துடுப்பில் வளைவு வளைவாகக் கரும்பட்டைகள் தெரியும், முதுகு, வால் துடுப்புகளின் ஓரம் வெளிறியோ ஆரஞ்சாகவோ இருக்கும். வயிற்றுத் துடுப்பு மார்புத் துடுப்பில் பாதி நீளம்கூட இராது. சாதாரணக் கொரவைக்கு முக்கால் பங்கு வரை வரும்.

கேள்வி: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும் இடத்தில் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டால் பெரிய மீன் பாய்ந்து அடிக்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த நிறக் குஞ்சுகள் பெரும்பாலும் விராலுடையவை. கீழே காவல் நிற்கும் தாய் தகப்பன் பசியால் அடிப்பதில்லை, குஞ்சுகளை நெருங்கும் எதையும் விரட்டவே அடிக்கின்றன. காவல் மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்களும் பறவைகளும் கூட்டத்தைக் காலிசெய்துவிடும். குஞ்சுகள் கலைந்து தனியே இரைதேடத் தொடங்கும் வரை அந்த மூலையை விட்டுவிட்டு வேறு பாசித்திட்டுக்குப் போங்கள்.