வேலைக்குப் போன பிறகும் கோச்சிங்கா? நெய்வேலியிலிருந்து வந்த ஒரு அப்பாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

போன வாரம் மகளோடு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு என்னைப் பார்க்க வந்து ஒரு மணி நேரம் பேசினீர்கள். ஆனால் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டதுதான் உங்கள் மனசில் இருந்த கேள்வி: "படிக்கும்போது கோச்சிங்னா சரி. வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு சார் கோச்சிங்?" அன்றைக்கு வாசலில் நின்று அரைகுறையாகப் பதில் சொன்னேன். இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் வருகிறார்கள். அதனால் உங்கள் இருவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட், டிஎன்பிஎஸ்சி, பேங்க் பரீட்சை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் பாடம் நடத்துவார். உங்கள் மகள் கேட்பது வேறு: வேலையிடத்தில் பேசவும் தலைமை ஏற்கவும் பழக்கும் தனிப் பயிற்சி. இதில் எதிரெதிரே இரண்டே பேர். பெரும்பாலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், நாலைந்து மாதம். பாடம் கிடையாது. பேசுவது அவர், கேட்பது பயிற்சியாளர்.

இந்த முறைக்கு வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த டிமதி கால்வே ஒன்றைக் கவனித்தார். "மட்டையை இப்படிப் பிடி, கையை இப்படி வீசு" என்று அடுக்கிக்கொண்டே போனால் ஆட்டக்காரர் இறுகிப்போகிறார். பந்து எங்கே குத்துகிறது என்று அவரையே பார்க்கச் சொன்னால் கை தானாகச் சீராகிறது. இதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். அவர் கார் பந்தயம் ஓட்டியவர். அவர் பரப்பிய முறை நாலே கேள்விதான். உனக்கு என்ன வேண்டும்? இப்போது நிலைமை என்ன? என்னென்ன வழி இருக்கிறது? இதில் எதை, என்றைக்குள் செய்யப்போகிறாய்? கேட்க எளிதாக இருக்கும். நாலாவது கேள்விக்கு ஒரு தேதியோடு பதில் சொல்லச் சொன்னால், பத்து வருஷம் வேலை பார்த்தவர்களே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மகள் விஷயம். புதுச்சேரியில் மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை லேபில் இருக்கிறார். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. இருந்தும் டீம் லீடர் இடம் இரண்டு முறை கைநழுவிப் போனது. வருடாந்திர மதிப்பீட்டில் "கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதியிருக்கிறார்கள். அதை நீங்கள் "இங்கிலீஷ் போதாது" என்று படித்துவிட்டீர்கள்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், ஐயா. பல வருடங்களுக்கு முன்னால் இதே குறையோடு வந்த ஒரு பையனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பினேன். ஆறு மாதத்தில் நன்றாகவே இங்கிலீஷ் பேசினான். ஆனால் மீட்டிங்கில் முன்பு தமிழில் வாய் திறக்காமல் இருந்தவன், இப்போது இங்கிலீஷிலும் வாய் திறக்கவில்லை. அவன் பணமும் ஆறு மாதமும் போனது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். உங்கள் மகள் கம்பெனிக்கு ஆடிட், அதாவது தணிக்கை செய்ய வெளிநாட்டார் வரும்போது இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. மற்ற நாளெல்லாம் அந்த லேபில் ஓடுவது பாதி தமிழ்தான்.

உங்கள் மகள் என்னிடம் சொன்ன ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்ச் மருந்தின் அளவு, இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது. காலை பதினோரு மணிக்கே அவருக்குத் தெரியும். இப்படி வந்தால் மேலதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும், அவர் ஒப்புதல் இல்லாமல் மறுபரிசோதனை செய்யக்கூடாது. மருந்துத் துறையில் இது கண்டிப்பான நடைமுறை. உங்கள் மகள் விதியை மீறவில்லை. ஆனால் "நம்ம மேலதான் தப்போ" என்று கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம்தான் மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். போய் என்ன சொன்னார்? "சார், காலையில கரைசல் தயார் பண்ணினேன், அப்புறம் மெஷினை ஓட்டிப் பார்த்தேன், அது சரியாதான் இருந்துச்சு, அதுக்கப்புறம்…" மேனேஜர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முக்கியமான செய்தி ஐந்தாவது நிமிடம் வந்தது. அப்போது அவர் காதில் விழுந்தது "தாமதம்" ஒன்றுதான்.

நீங்கள் சுரங்கத்தில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். அடுத்த ஷிப்ட் ஆளிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது காலையில் டீ குடித்ததிலிருந்தா ஆரம்பிப்பீர்கள்? எந்த கன்வேயர் நின்றிருக்கிறது, எந்த பம்ப் ஓடவில்லை, உடனே என்ன பார்க்கணும். முதல் மூச்சில் இந்த மூன்றும் வந்துவிடும். கம்யூனிகேஷன் என்று அந்தக் கம்பெனி கேட்பதும் இதைத்தான். "சார், இந்த பேட்ச் எல்லையைத் தாண்டி வருது. பதினோரு மணிக்குத் தெரிஞ்சுது. விசாரணையைத் தொடங்க உங்க ஒப்புதல் வேணும்." மூன்று வரி. காரணமும் கதையும், அவர் கேட்டால் பிறகு.

இதை நான் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் அந்த மூன்று வரியும் தொண்டையில் நின்றுவிடும். அங்கேதான் நல்ல பயிற்சியாளர் தேவைப்படுகிறார். அவர் மேனேஜராக எதிரில் உட்கார்ந்து அதே காட்சியை நடத்திப் பார்ப்பார். பதிவு செய்து போட்டுக் காட்டுவார். "அந்த அறைக்குள் போகும்முன் உங்கள் மனசில் என்ன ஓடியது?" என்று கேட்பார். அடுத்த பதினைந்து நாளில் ஒரே ஒரு இடத்தில் இதைச் செய்துவிட்டு வரச் சொல்வார். வந்ததும் என்ன நடந்தது என்று மறுபடி ஆரம்பம். அறைக்குள் கற்பதைவிட இரண்டு சந்திப்புக்கு நடுவே வேலையிடத்தில் கற்பதுதான் அதிகம்.

தலைமைப் பண்பும் இப்படித்தான் வருகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் பதிவேட்டில் கையெழுத்தை விட்டுவிட்டாலோ, எடை போடுவதில் பிசகினாலோ, உங்கள் மகள் அவனிடம் ஒன்றும் சொல்வதில்லை. இரவு ஏழு மணி வரை இருந்து சரிசெய்ய முடிந்ததைத் தானே சரிசெய்கிறார். நல்ல பெண் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பையன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. டீம் லீடர் என்றால் மற்றவர் கையால் வேலை சரியாக நடக்கச் செய்பவர். அதற்கு, மனசு நோகாமல் குறையைச் சொல்லத் தெரிய வேண்டும். எப்போது நடந்தது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, இவ்வளவுதான்: "நேத்து சாயங்காலம் பதிவேட்டுல உன் கையெழுத்து விட்டுப்போச்சுப்பா. அதனால இன்னைக்குக் காலையில பேட்ச் ஒரு மணி நேரம் நின்னுச்சு." இதில் "நீ எப்பவுமே இப்படித்தான்" கிடையாது. பிறகு "இனிமே விடாம இருக்க என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பழக்கம் தேவைப்படுகிறது.

இனி உங்களிடம் ஒன்று. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு உங்கள் மகளிடம் நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் சொன்னது நீங்கள். "பாப்பா அப்படியெல்லாம் பேசாது சார்" என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். பாசத்தில் வந்த பேச்சு அது, எனக்குத் தெரியும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த பிள்ளை, மேனேஜரிடமும் அப்படியே நிற்கிறது. அது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையோடு மாற்றுக் கருத்தும் சொல்லலாம் என்பது அவருக்குப் பழக்கமில்லை. வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது அவரைக் கேளுங்கள். வண்டி வாங்குவதோ, கல்யாணப் பேச்சோ, எதுவானாலும். கேட்டுவிட்டு, பிடிக்காத பதில் வந்தாலும் முழுதாகக் கேளுங்கள். எந்தப் பயிற்சியாளரும் இதை உங்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது.

பணம் கட்டும்முன் சில விஷயம். நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் விசாரித்தே ஆக வேண்டும். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப், மூன்று நிலைகளில் சான்று தருகிறது. முதல் நிலைக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்ததற்கு 125-உம் 500-உம், மேல் நிலைக்கு 200-உம் 2,500-உம். சான்று இருப்பதாலேயே நல்லவர் என்று ஆகிவிடாது, ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. "மூணே மாசத்துல புரமோஷன் நிச்சயம்" என்கிறவரிடமும், பேசிப் பார்க்கும் முன்பே முழுத் தொகையும் கேட்கிறவரிடமும் போக வேண்டாம். கம்பெனியே செலவை ஏற்குமா என்று முதலில் ஹெச்ஆரிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதே முதல் பயிற்சி. ஏற்றால், என்ன இலக்கு என்பதை மேனேஜர், மகள், பயிற்சியாளர் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது. கம்பெனிக்கும் போகக்கூடாது, உங்களுக்கும்.

செலவு கட்டுப்படி ஆகவில்லையென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சு மன்றத்தில் சேரலாம். 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, கட்டணம் குறைவு. ஐந்தாறு நிமிடம் பேச வேண்டும், முடிந்ததும் ஒருவர் எழுந்து நிறைகுறை சொல்வார், எத்தனை "ம்", "வந்து" போட்டோம் என்று எண்ணிச் சொல்லவும் ஆள் உண்டு. கடலூரில் கல்லூரி படிக்கும் உங்கள் இளைய மகனுக்கு இப்போதைக்கு, 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய, மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டமே போதும். அந்த வகுப்புகளை அவன் கடமைக்காக முடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் தீர்க்காத விஷயமும் உண்டு. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போகவே பயம் என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது. வேலையிடத்தில் யாராவது தவறாக நடந்துகொள்வதால் மகள் ஒதுங்கிப் போகிறார் என்றால், "தைரியமா பேசு" என்று சொல்வது அநியாயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். இதை வீட்டம்மாவை விட்டு, தனியாக, நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து அவர் பஸ் ஏறி நேரே வந்துவிடட்டும். முதல் அரை மணி அவர் மட்டும். நீங்கள் பதினொன்றரைக்கு வந்தால் போதும். நாங்கள் பேசியதில் உங்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவரே சொல்வார்.