காஸ்ட் ஷீட்டில் அந்த 80,000 ரூபாய்

வணக்கம். பம்ப்செட் பட்டறையின் காஸ்ட் ஷீட்டில் (செலவுகளைக் கூட்டி அடக்கவிலை காணும் தாளில்) உற்பத்தி அடக்கம் 10,40,000 வருகிறது, ஆடிட்டர் 9,60,000 என்கிறார், 80,000 எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன்.

செலவான மூலப்பொருள் 6,00,000, கூலி 2,50,000, தொழிற்சாலைச் செலவு 1,50,000. மொத்தம் 10,00,000. இதுவரை சரி. பாதி வேலையில் நிற்கும் சரக்கில்தான் தவறியிருக்கிறது. ஆரம்ப இருப்பு 80,000ஐக் கூட்டி, இறுதி இருப்பு 1,20,000ஐக் கழிக்க வேண்டும். நீங்கள் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். இருப்பு வித்தியாசம் 40,000. கூட்டல் கழித்தல் இடம் மாறினால் பிழை சரியாக அதன் இரட்டிப்பாக நிற்கும். இனி இப்படி வந்தால் முதலில் பிழைத் தொகையைப் பாதியாக்கி, இருப்பு வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும்.

அப்புறம், டெலிவரி வண்டி வாடகையை விற்பனைச் செலவில் வைத்தது நல்லது. கணக்கியல் தரநிலை 2ன்படி அது சரக்கிருப்பு மதிப்பில் சேராது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.